வளைவுக்கு முன்னால் கிடந்த நாலு கல்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மாலை. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், இருபுறமும் வேலி அடைத்த வண்டிப்பாதையான இட்டேரி எங்கள் ஊருக்குப் பிரிகிற முனையில் நடந்தது இது. நடந்தது என்று சொல்வதே கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும் பேச்சுதான். நான் செய்தது என்று சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். என்ன ஆராய்ச்சி என்று சொந்தக்காரர்கள் கேட்டால், சாலையில் போகிற வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பற்றி என்பேன். "இப்பவே ஹாரன் அடிச்சு காது கிழியப் பேசிக்கிட்டுத்தானே இருக்குது, அது பத்தாதா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் கேட்டு, வரிசையே சிரித்தது.

விஷயம் அப்படியொன்றும் சிரமமானதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்ன வயர்லெஸ் கருவி இருக்கும். ஒரு லாரி நடுவழியில் பழுதாகி நின்றால், "நான் இங்கே நிற்கிறேன், பார்த்து வாருங்கள்" என்று பின்னால் வரும் வண்டிகளுக்கு அது செய்தி அனுப்பும். அவை தங்களுக்குப் பின்னால் வருபவற்றுக்குக் கடத்தும். இதை நிஜமான சாலையில் சோதிக்கப் போனால் ஆள் சாகலாம். அதனால் கணினிக்குள் ஒரு சாலையை வரைந்து, பொம்மை வண்டிகளை ஓடவிட்டுப் பார்ப்போம். சிமுலேஷன் என்பார்கள். நான் வரைந்துகொண்டது தினமும் ஸ்கூட்டரில் போய்வரும் இதே சாலையைத்தான். இந்த வளைவு, இந்த இட்டேரி முனை எல்லாம் என் திரையில் இருந்தன.

அதில் என் பங்கு, செய்தியின் ஆயுளை முடிவு செய்வது. லாரி பழுது நீங்கிக் கிளம்பிப் போன பிறகும் அதன் எச்சரிக்கை வண்டிக்கு வண்டி தாவி உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். வெறும் சாலையில் வண்டிகள் வீணாக வேகம் குறைக்கும். நாளடைவில் எந்த எச்சரிக்கையையும் யாரும் மதிக்க மாட்டார்கள். இதற்கு நான் ஒரு விதி எழுதியிருந்தேன். எச்சரிக்கை வந்ததும் வண்டி முன்னால் நூறு மீட்டர் தூரம் பார்க்கும். நிற்கிற வண்டி எதுவும் தென்படவில்லையென்றால் அந்தச் செய்தி காலாவதி. அழித்துவிடும், பின்னால் கடத்தாது. இந்த விதியைப் போட்டதும் என் பொம்மைச் சாலையில் நெரிசல் அழகாகக் குறைந்தது.

இனி அந்தக் கல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும். லாரி பழுதாகி நின்றால் டிரைவர் பக்கத்து மரத்தில் நாலு கிளையை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் சாலையில் போடுவார். காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் வைப்பார். தழையைப் பார்த்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். நல்ல பழக்கம்தான். ஆனால் வண்டி சரியானதும் பலர் அந்தக் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அப்படி விட்டுப் போன ஒரு கல்லில் ஏறித்தான் சில வருடங்களுக்கு முன் நான் விழுந்தேன். இடது மணிக்கட்டில் இன்றும் ஒரு தகடு இருக்கிறது. அதற்குப் பிறகு சாலையில் கல்லைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். வண்டியை நிறுத்தி, லாரிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் போவேன். கல்லூரியில் மாணவர்கள் எனக்கு 'கல்லு மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். வெளியில் கோபித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை நாமக்கல்லில் என் ஆராய்ச்சி வழிகாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தேன். என் வரைபடங்களைப் பார்த்து, செத்த எச்சரிக்கைகளை நான் அழிக்கும் விதம் பிரமாதம் என்றார். லேசில் பாராட்டாத மனிதர் அவர். கால் தரையில் படாமல்தான் ஸ்கூட்டரில் திரும்பி வந்தேன். மணி ஐந்து ஐந்தரை இருக்கும். மேற்கே போகிற சாலை என்பதால் இறங்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது.

எங்கள் இட்டேரி முனைக்கு வந்தபோது சாலையில் தழை கிடந்தது. புங்கங்கிளைகள், மேலே வரிசையாக நாலு கல். ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன். முன்னால் பார்த்தேன். சாலை அங்கிருந்து கொஞ்ச தூரம் நேராகப் போய் இடதுபக்கம் வளைகிறது. வளைவை மறைத்துச் சீமைக்கருவேல் புதர். வளைவு வரைக்கும் ஒரு லாரியும் இல்லை. போகிறவன் எடுத்துப் போட்டுவிட்டுப் போக மாட்டானா என்று வழக்கமான வசவைத் தொடங்கினேன். நாலு கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தில் உருட்டினேன். கிளைகளை இழுத்து வேலியோரம் வீசினேன். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு இட்டேரியில் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது எனக்கு.

என் கணவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவர் கை கால்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நம்ம வளைவுல பெரிய ஆக்சிடெண்டு. ஒரு லாரி பிரேக்டவுனாகி நின்னுருக்குது. கோழிப்பண்ணையில வேல செய்யற ஆளு, மொபெட்ல வந்து பின்னால உட்டுட்டாரு. அங்கயே போயிட்டாருங்கறாங்க. ஊட்டுக்கு உடைசல் முட்டை கொண்டு போயிருப்பாராட்ட இருக்குது. ரோடெல்லாம் முட்டை."

ஐயோ என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"அந்த டிரைவரு நம்ம பட்டறையில பாடி கட்டுன வண்டிய ஓட்டறவருதான். ஒடைஞ்சு போன ஜாயிண்டுக்குப் புதுசு வாங்கறதுக்கு ஆரோ ஒருத்தரோட பைக்குல ஏறி இவரு நாமக்கல் போயிருக்காரு. திரும்பி வந்து பாத்தா கூட்டம். தழ போட்டேன், கல்லு வெச்சேன்னு அழுவறாரு. அங்க ஒரு எல கூட இல்ல. பொய் சொல்றியாடான்னு ஊர்க்காரங்க ரெண்டு அடி வேற போட்டுட்டாங்க."

"எங்க வெச்சாராம்?" என்று கேட்டேன்.

"வளைவுக்கு இந்தப் பக்கமே, இட்டேரி முனையில வெச்சேங்கறாரு. வண்டிக்குப் பக்கத்துல வெச்சா வளைஞ்சு வாரவங்களுக்குத் தெரியாதுன்னு அத்தன தூரம் நடந்து வந்து வெச்சாராம். ஆரு நம்புவா?"

தோசை கருகிப் புகை வந்தது. அவர்தான் அடுப்பை அணைத்தார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நீ வாயத் தொறக்காத. உனக்குத் தெரிஞ்சா எடுத்த? உன்ற வேல போயிரும், படிப்பு போயிரும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நிமிடம் நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன்.

நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த நாலு நாளை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. காலையில் கல்லூரிக்குப் போக இட்டேரி முனைக்கு வந்தால், நான் வீசிய புங்கங்கிளைகள் வேலியோரம் கிடக்கும். முதல் நாள் பச்சையாக இருந்தன. அடுத்த நாள் வாடியிருந்தன. மூன்றாம் நாள் இலை சுருண்டுவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்து என் பொம்மைச் சாலையைத் திறந்து பார்ப்பேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியை நிறுத்தினேன். அது செய்தி அனுப்பியது. இட்டேரி முனைக்கு வந்த வண்டி நூறு மீட்டர் பார்த்தது, வளைவு வரைக்கும் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது, செய்தியை அழித்தது. பின்னால் சின்னப் புள்ளியாக வந்த வண்டி வேகம் குறைக்காமலே வளைந்தது. நான் எழுதிய விதிப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது. இத்தனை மாதம் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். இடித்த வண்டியைத் திரையிலிருந்து தானாக நீக்கிவிடும்படி நான்தான் அமைத்திருந்தேன், மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் கூடாதென்று. அதனால் அந்தப் புள்ளிக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கவனித்ததில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதையே சாலையிலும் செய்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மாலை என் கணவர் பட்டறையிலிருந்து போன் செய்தார். லாரி முதலாளி அந்த டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். கைதாகி ஜாமீனில் வந்தவர், பழுது பார்க்கப் பட்டறையில் விட்டிருக்கும் லாரியிலிருந்து தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருக்கிறாராம். "எனக்கு அந்த ஆளு மூஞ்சியப் பாக்க முடியல. நீ வாரியா?" என்றார். வாயைத் திறக்காதே என்று சொன்ன அதே மனிதர்தான்.

போனேன். லாரியின் பின்புறம் ஒரு கையகலம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். ஓர் உயிர் போன இடம் அது என்று சொன்னால்தான் தெரியும். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பாயைச் சுருட்டிக் கட்டி, தட்டையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். கேபினில் ஒட்டியிருந்த சாமி படத்தைக் கிழியாமல் எடுக்க நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். என் கணவர் என்னை யாரென்று சொன்னார். டீச்சர் என்றதும் அவர் இறங்கி வந்து கும்பிட்டார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "தழ போட்டீங்களாமே" என்றேன்.

"ஆருகிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க சாமி" என்றார். "இத்தன வருசம் வண்டி ஓட்டறேன், தழ போடாம ஒருநாளும் நின்னதில்லீங்க. புங்கந்தழ ஒடிச்சனுங்க. நாலு கல்லு வெச்சனுங்க. என்ற ஊட்டுக்காரியே, நெசமா போட்டியா, போட்டதா நெனச்சுக்கிட்டியான்னு கேக்கறா. கேட்டுக் கேட்டு எனக்கே இப்பச் சந்தேகமாப் போச்சுங்க. போட்டது முந்தின தடவ நின்னப்பவா, இந்தத் தடவையான்னு புத்தி கொழம்புது."

"போட்டீங்க" என்றேன். "நாலு கல்லு. இட்டேரி முனையில. நான்தான் எடுத்துப் பள்ளத்துல போட்டேன்."

அவர் என்னை அடித்திருக்கலாம். கத்தியிருக்கலாம். அதற்கெல்லாம் தயாராகத்தான் நான் போயிருந்தேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

"நாலு கல்லு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப நான் போட்டது நெசந்தானுங்களே!" என்றார். அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "போட்டிருக்கறன். நான் போட்டிருக்கறன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நாலு நாள் பேசாமல் இருந்ததில் அவர் வேலையை மட்டும் இழக்கவில்லை, தன்மேல் தனக்கிருந்த நம்பிக்கையையே இழக்கப் பார்த்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு அங்கே நின்றது என் வாழ்நாளிலேயே மிகக் கேவலமான நிமிடம்.

மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். என் கணவர்தான் பைக்கில் கூட்டிப் போனார். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "தழையெல்லாம் சட்டத்துல கணக்கில்லீங்க மேடம், ஒளிரும் முக்கோணம் வெச்சிருக்கணும்" என்றார். ஆனாலும் ஒரு காவலரை எங்களோடு அனுப்பினார். வேலியோரம் காய்ந்து கிடந்த கிளைகளையும், பள்ளத்தில் கிடந்த நாலு கல்லையும் அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. சாட்சிக்குக் கூப்பிடும்போதெல்லாம் போய் நிற்கிறேன். அந்த டிரைவர் இப்போது வேறு ஒருவர் வண்டியில் முட்டை லோடு ஓட்டுகிறார். என் வாக்குமூலத்தின் நகலைக் காட்டித்தான் அந்த வேலை கிடைத்ததாகக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். என் வேலை போகவில்லை. அதை நினைத்துப் பயந்த பயம் எவ்வளவு அற்பமானது என்று பிறகுதான் தெரிந்தது.

இறந்தவரின் வீட்டுக்குப் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போனேன். பண்ணைக்கு உள்ளேயே ஒற்றை அறை வீடு. அவர் மனைவியும் அதே பண்ணையில்தான் முட்டை பொறுக்குகிறார். என்னைவிட இளையவர். ஏழாவது படிக்கும் மகள் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா எனக்கு நாற்காலி போட்டு, "ஒக்காருங்க" என்று தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். நான் விழுந்தது, மணிக்கட்டு, கல் எடுக்கும் பழக்கம் என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நியாயம் பேச வந்த மாதிரி இருந்தது. "நான் எடுக்காம இருந்திருந்தா அவர் நின்னிருப்பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரோட்டுல கல்லு கெடந்தா அவரும் எறங்கி எடுத்துப் போட்டுட்டுத்தானுங்க வருவாரு. ஆராச்சும் உழுந்துருவாங்கன்னு."

பண்ணையில் தீவனம் போடும் நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நானும் எழுந்தேன். என்னைப் புரிந்துகொண்டு அதைச் சொன்னாரா, அந்தக் கல் அங்கேயே கிடந்திருந்தால் அதற்காகத் தன் கணவர் இறங்கியிருப்பார், உயிரோடு இருந்திருப்பார் என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

ஆராய்ச்சியை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விடவில்லை. அந்த விதியை மட்டும் மாற்றி எழுதினேன். எச்சரிக்கையைப் போட்ட வண்டியே வந்து, நான் கிளம்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஒரு வண்டி அந்த இடத்தைக் கடந்துபோய், அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவரை செய்தியை யாரும் அழிக்கக் கூடாது. இடித்த வண்டியைத் திரையிலிருந்து நீக்கும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன். என் அழகான வரைபடங்கள் எல்லாம் கெட்டுப்போயின. பொம்மைச் சாலையில் நெரிசல் கூடியது. வாய்மொழித் தேர்வில், நன்றாக இருந்த விதியை ஏன் மாற்றினீர்கள், வீணான தாமதம் அல்லவா என்று ஒருவர் கேட்டார். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. வழிகாட்டி எழுந்து தண்ணீர் கொடுத்தார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட என் கணவர் ஆசைப்பட்டார், நான்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மாணவர்கள் இன்னும் 'கல்லு மேடம்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய மாணவர்களிடமிருந்து புதியவர்களுக்கு வந்த பேர், அவர்களுக்கு எதுவும் தெரியாது. காதில் விழும்போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

இப்போதும் அந்தச் சாலையில் தழையும் கல்லும் கிடந்தால் ஸ்கூட்டரை ஓரங்கட்டுகிறேன். உடனே கை வைப்பதில்லை. வளைவு வரை நடந்துபோய், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. திரும்பி வந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போடுகிறேன். போய்த் திரும்ப நாலே நிமிடம்தான் ஆகிறது. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டே நடக்கிறேன்.